டேனிஷ் கோட்டைக்கு ஒரு கிடங்குக் கணக்கன் சொல்லும் வழி

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடிந்து, பந்தியும் முடிந்து, மாலை வரை பொழுதைப் போக்க வழி தெரியாத கூட்டம் ஒன்று முகூர்த்த நாள் தவறாமல் இருக்கும். "பக்கத்தில்தானே தரங்கம்பாடி, கடலைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்" என்று யாராவது ஒரு சித்தப்பா ஆரம்பித்து வைப்பார். வேன் கிளம்பும். பகல் ஒன்றரை மணிக்குப் பட்டுப்புடவையும் பட்டு வேட்டியுமாகக் கோட்டை முன்னால் இறங்குவார்கள். மணல் காலைச் சுடும். சுவரை ஒட்டி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், உள்ளே ஒரு சுற்று சுற்றுவார்கள். "செஞ்சி மாதிரி இருக்கும் என்று நினைத்தேன், இவ்வளவுதானா?" என்று அதே சித்தப்பா கேட்பார். இருபது நிமிடத்தில் வேன் திரும்பிவிடும்.

நான் மயிலாடுதுறைக்காரன்; எங்கள் வீட்டில் இன்னமும் மாயவரம் என்றுதான் பேச்சு. நெல் கிடங்கில் முப்பத்தோரு ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். மூட்டை எண்ணுவது, ஈரப்பதம் பார்ப்பது, எடை குறைந்தால் காரணம் எழுதுவது, எலிக்கும் அந்துப்பூச்சிக்கும் நடுவில் சரக்கைக் காப்பாற்றுவது என்று கழிந்த பிழைப்பு. அந்தச் சித்தப்பாவின் ஏமாற்றம் எனக்கு நன்றாகப் புரிகிறது. அவர் கோட்டையைத் தேடி வந்தார். அங்கே இருப்பதோ கிடங்கு. சுற்றிலும் மதில் போட்டு, நான்கு மூலையிலும் கொத்தளம் கட்டி, பீரங்கி வைத்துக் காத்த கிடங்கு. அப்படிப் பார்த்தால் அந்தக் கட்டடம் பேசும். செஞ்சியோடு ஒப்பிட்டால் வாயே திறக்காது.

ஒரு சின்ன வேடிக்கை. பழைய தமிழில் கிடங்கு என்றால் அகழி. சரக்கு வைக்கும் இடம் என்ற பொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. இந்தக் கோட்டையைச் சுற்றி ஒருகாலத்தில் அகழியும் இருந்தது, அதன் மேல் தூக்குப் பாலமும் இருந்தது. ஆக, இரண்டு கிடங்கும் இருந்த இடம் இது. வெளிக்கிடங்கு தூர்ந்துபோய்விட்டது, உள்கிடங்கு நிற்கிறது.

எந்த நாளில் போகக் கூடாது

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நான் அடிபட்டவன். வெள்ளிக்கிழமை போகாதீர்கள். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வாரவிடுமுறை அன்றைக்குத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து என் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். "மாமாவுக்குத் தரங்கம்பாடியில் தெரியாத கல்லே கிடையாது" என்று என் மருமகள் அவர்களிடம் பெருமை அடித்து வைத்திருந்தாள். ஏழு பேர், ஒரு பெரிய வாடகைக் கார், ஒரு தூக்கு நிறையப் புளியோதரை. போய் இறங்கினால் கதவில் பூட்டு. கிழமையை நான் யோசிக்கவே இல்லை. சம்பந்தி நிதானமான மனிதர். பூட்டை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "என்ன சம்பந்தி, கோட்டைக்கும் வெள்ளிக்கிழமை விரதமா?" என்றார். அந்தப் புளியோதரையைக் கடற்கரையில் உட்கார்ந்து மணலோடு சேர்த்துச் சாப்பிட்டோம். மறுநாள் மறுபடியும் அழைத்துப் போய்க் கணக்கை நேர் செய்தேன்.

மற்ற நாட்களில் காலை பத்து மணி வாக்கில் திறந்து மாலை ஐந்தரை வாக்கில் சாத்துகிறார்கள். நுழைவுச் சீட்டுக்குச் சில்லறையாகவே பணம் எடுத்துப் போங்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி நின்றால் பின்னால் இருப்பவர் முறைப்பார். பழுதுபார்க்கும் வேலை அவ்வப்போது நடக்கும், அப்போது ஓரிரு அறைகள் மூடியிருக்கலாம். அதற்காகச் சண்டை போட வேண்டாம். உப்புக்காற்றில் நானூறு ஆண்டு நிற்கும் காரைச் சுவருக்கு வைத்தியம் பார்க்காமல் முடியாது.

மாதக் கணக்கில் சொன்னால் தை, மாசி நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. கடல் கறுத்துக் கிடப்பதைப் பார்க்க ஆசையுள்ளவர்கள் மட்டும் குடையோடு வரலாம். சித்திரை, வைகாசியில் வந்தால் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஊர் முழுக்கத் தெரு, கடற்கரை, திறந்த முற்றம். நிழல் குறைவு.

போய்ச் சேருவது

நான் பள்ளியில் படித்தபோது மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் இருந்தது. மீட்டர் கேஜ் பாதை, அவசரமே இல்லாத வண்டி. 1971இல் நண்பர்கள் நான்கு பேர் அந்த ரயிலில் போய்க் கோட்டை வாசலில் நின்றோம். அன்றைக்கு அது அருங்காட்சியகம் அல்ல, அரசுப் பயணியர் பங்களா. "உள்ளே ஓர் அதிகாரி குடும்பத்தோடு தங்கியிருக்கிறார், போங்கள் தம்பிகளா" என்று காவலர் விரட்டிவிட்டார். டேன்மார்க் ராஜாவின் கோட்டையில் யாரோ ஓர் அதிகாரியின் லுங்கி கொடியில் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். 1978இல் தொல்லியல் துறை கையில் வந்தபிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு உள்ளே போக வழி பிறந்தது. ரயில்தான் பிறகு நின்றுபோய்விட்டது.

இப்போது பஸ்தான். மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாக ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். சிதம்பரம், சீர்காழிப் பக்கமிருந்து வருகிறவர்கள் காரைக்கால், நாகப்பட்டினம் போகும் பஸ்ஸில் ஏறித் தரங்கம்பாடி என்று கேட்டு இறங்கலாம். காரைக்காலிலிருந்து என்றால் பதினைந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். நெடுஞ்சாலையில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து கிழக்கே நடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆட்டோக்காரரிடம் "கோட்டைக்கு" என்று சொல்லாதீர்கள். "நகர வாசலில் இறக்குங்கள்" என்று சொல்லுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

வாசலில் இறங்கி நடங்கள்

தெருவின் குறுக்கே வெள்ளை வாசல் ஒன்று நிற்கும். மேலே டேன்மார்க் அரசரின் முத்திரை, 1792 என்று ஆண்டு. அதற்கு முன்பிருந்த பழைய வாசல் போய், இது புதிதாகக் கட்டியது. இந்த இடத்தில் ஐந்து நிமிடம் நிற்காமல் உள்ளே போகாதீர்கள். இந்த ஊர்க் கதையிலேயே எனக்குப் பிடித்த மனிதரை இங்கேதான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. டேன்மார்க்கின் நான்காம் கிறிஸ்டியன் அரசர் 1616இல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கினார். 1618இல் கோபன்ஹேகனிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. தலைமை ஓவே ஜெட்டே என்ற இளைஞர், இருபத்தைந்து வயதுகூட ஆகாதவர். அவர்கள் வந்தது தரங்கம்பாடிக்கு அல்ல, இலங்கைக்கு. போர்த்துக்கீசியரை எதிர்க்கக் கண்டி அரசருக்கு உதவி தேவை, ஒப்பந்தம் நிச்சயம் என்று ஒருவர் சொன்னதை நம்பிப் புறப்பட்டவர்கள். வழியில் அந்த ஆளே இறந்துபோனார். கண்டி அரசரோ அப்படி ஒப்பந்தம் எதுவும் இல்லை என்று கைவிரித்துவிட்டார். இதற்கிடையில் முன்னால் அனுப்பிய கப்பலைக் காரைக்கால் அருகே போர்த்துக்கீசியர் தாக்கிச் சிதைத்தார்கள். அதில் தப்பிய ரோலண்ட் கிராப்பே என்ற கப்பற்காரர் தஞ்சாவூர் போய் ரகுநாத நாயக்கரைப் பார்த்தார். அந்தத் தொடர்பில்தான், தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வியாபாரம் செய்ய 1620 நவம்பரில் உடன்படிக்கை ஆயிற்று. ஆண்டுக்கு 3,111 ரூபாய் குத்தகை. நாயக்கர் தங்க ஏட்டில் தமிழில் எழுதிக் கொடுத்த கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. சீட்டு எழுதிக் கொடுக்கத் தங்கத்தை எடுத்த தஞ்சாவூரை நினைத்துப் பாருங்கள். நாங்கள் கார்பன் தாளுக்கே மனு போட்டவர்கள்.

இப்போது என் மனிதருக்கு வருகிறேன். எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. சாதாரணக் குடியில் பிறந்தவர், எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாதவர். 1639க்குப் பிறகு டேன்மார்க்கிலிருந்து கப்பல் புறப்படுவதே நின்றுபோயிற்று. ஓராண்டு, இரண்டாண்டு அல்ல, ஏறக்குறைய முப்பது ஆண்டு. இங்கிருந்த டேனியர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள், ஓடினார்கள். 1655 வாக்கில் மிஞ்சியவர் இவர் ஒருவர்தான். கம்பெனியை 1650லேயே கலைத்துவிட்டார்கள். இல்லாத கம்பெனிக்கு ஒரே ஊழியராக அவர் கோட்டையைக் காத்தார். வங்காள விரிகுடாவில் வந்த கப்பல்களைப் பிடித்து, சரக்கை விற்று, அந்தக் காசில் உள்ளூர் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தார் (கடற்கொள்ளை என்றும் சொல்லலாம், நான் மறுக்கவில்லை). குத்தகை பாக்கிக்காக நாயக்கர் படை வந்து முற்றுகையிட்டபோது, கோட்டை மட்டும் போதாது என்று ஊரைச் சுற்றியே மதில் எழுப்பினார். நீங்கள் நிற்கும் இந்த வாசல் அந்த மதிலின் வழிவந்தது. 1669இல் ஒருவழியாகக் கப்பல் வந்தது. வந்தவர்கள் அவரையே தலைவராக உறுதிசெய்தார்கள்.

தலைமையிடத்திலிருந்து பதில் வராத கடிதங்களை நானும் எழுதியிருக்கிறேன், அதிகபட்சம் எட்டு மாதம். பதினான்கு ஆண்டு தனியாளாகச் சாவியைக் கையில் வைத்திருந்த ஆளை நினைத்தால் எனக்கு அந்த வாசலில் நின்று கும்பிடத் தோன்றும்.

வாசலுக்குள் நுழைந்ததும் ராஜ வீதி. நேரே கடலை நோக்கிப் போகிறது. 1701இல் டேனியர்கள் தங்களுக்காகக் கட்டிய சீயோன் தேவாலயமும், 1718இல் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காக எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் இந்தத் தெருவில்தான் இருக்கின்றன. பின்னதில் சீகன்பால்கு பாதிரியார் அடங்கியிருக்கிறார். 1706 ஜூலை 9ஆம் தேதி கரையிறங்கி, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் பழகி, அச்சுக்கூடம் அமைத்து, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தவர். அச்சுக்குத் தாள் போதாமல் பக்கத்துப் பொறையாரில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். தமிழ் அச்சில் ஆர்வம் உள்ளவர்கள் அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மற்றவர்கள் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டலாம். குழந்தைகளை ஒரே நாளில் மூன்று அருங்காட்சியகத்துக்குள் தள்ளினால் நான்காவது ஜென்மத்துக்கும் அவர்கள் வரலாற்றுப் பக்கம் வர மாட்டார்கள்.

வீதி முடியும் இடத்தில் அணிவகுப்புத் திடல். ஆளுநர் மாளிகை ஒரு பக்கம், கோட்டை ஒரு பக்கம், எதிரே கடல். இப்படி நடந்து வந்தால்தான் ஊரின் அமைப்பு பிடிபடும்: சரக்கு உள்நாட்டிலிருந்து வாசல் வழியாக வந்து, வீதி வழியாக நடந்து, கிடங்கில் தங்கி, கடலுக்குள் இறங்கும். நேரே ஆட்டோவில் கோட்டைக்குப் போய் இறங்கினால் கதையின் நடுப்பக்கத்தைப் பிரித்துப் படிப்பது போலத்தான்.

உள்ளே எதைப் பார்ப்பது

கோட்டை வாசலில் நுழைந்ததும் திறந்த முற்றம். மதிலின் உட்புறம் ஒட்டிச் சிறு அறைகள். படைவீரர்கள் தங்கவும், சமைக்கவும், ஆட்களை அடைக்கவும் இருந்தவை. கடல் பக்கமாக நிற்கும் இரண்டடுக்குக் கட்டடந்தான் உயிர்நிலை. எல்லோரும் நேரே படியேறி மேலே போய்விடுகிறார்கள், கண்ணாடிப் பெட்டியில் வாள் இருக்கிறது என்பதற்காக. நீங்கள் கீழே தொடங்குங்கள்.

கீழ்த்தளம் பண்டகசாலை. உள்ளே போய், பேசாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில் என்றாலும் உள்ளே சூடு சட்டென்று இறங்கிவிடும். பிறகு தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். உத்தரம் இருக்காது, மரச்சட்டம் இருக்காது. செங்கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் வைத்து வளைத்துக் கட்டிய கூரை. ஒட்டகத் திமில் போல என்று வர்ணிப்பார்கள். எனக்கு அது கவிழ்த்துப் போட்ட தோணியாகத்தான் தெரிகிறது. அழகுக்காக வளைத்தது அல்ல. கடற்கரையில் மரம் நிற்காது. உப்பு அரிக்கும், கறையான் தின்னும். வளைவு தன் பாரத்தைத் தானே இரண்டு பக்கச் சுவருக்கும் இறக்கிவிடும். அதனால்தான் சுவர் அவ்வளவு தடிமன். மேலே ஆட்கள் குடியிருக்க வேண்டும், கீழே சரக்கு நனையாமல் இருக்க வேண்டும், இரண்டுக்கும் இதைவிட நல்ல வழி அந்தக் காலத்தில் கிடையாது.

என்ன சரக்கு? டேனியர்கள் மிளகை மனத்தில் வைத்து வந்தார்கள். இந்தக் கரையில் விளைவதோ நெல்லும், நெய்வதோ துணியும். இங்கே துணியை வாங்கி, மக்காசர் போன்ற கிழக்குத் தீவுத் துறைமுகங்களில் கொடுத்து, அங்கிருந்து கிராம்பு வாங்குவார்கள். கப்பல் நினைத்த நாளில் வராது, காற்று திரும்பும்போதுதான் வரும். அதுவரை துணிப்பொதி இங்கே காத்துக் கிடக்க வேண்டும். பருத்தித் துணியை மாதக் கணக்கில் கடலோரம் வைத்துக் காப்பது எப்படிப்பட்ட வேலை என்று என்னைக் கேளுங்கள். தரையிலிருந்து ஈரம் ஏறும், சுவரில் பூஞ்சை வரும், எலி வரும். எல்லாவற்றையும் விட மோசம், கணக்கு கேட்க ஆள் வரும். நீங்கள் கீழே நிற்கும்போது தரையைப் பாருங்கள், காற்று வரும் வழியைப் பாருங்கள், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். கட்டியவர்கள் கிடங்கு தெரிந்தவர்கள்.

இந்த மதிலுக்குள்தான் சீகன்பால்குவையும் நான்கு மாதம் அடைத்து வைத்தார்கள், 1708 கடைசியில். இங்கே தளபதியாக இருந்த ஹாசியஸுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. நாவிதர் ஒருவரின் விதவைக்குக் கடன் வழக்கில் அவர் பரிந்து பேசியது முற்றிப்போய் இதில் முடிந்தது. தங்கள் அரசர் அனுப்பிய பாதிரியாரையே தங்கள் கோட்டைக்குள் சிறைவைத்த நிர்வாகம்! கம்பெனிக்கு வியாபாரம் நடந்தால் போதும்; மற்றதெல்லாம் தொந்தரவு.

மேல்தளத்தில் ஆளுநர், பாதிரியார், மூத்த வணிகர்கள் குடியிருந்தார்கள், ஒரு சிற்றாலயமும் இருந்தது. இப்போது அருங்காட்சியகம். படி ஏற முடியாத பெரியவர்களை முற்றத்தில் நிழல் பார்த்து உட்கார வைத்துவிட்டுப் போங்கள், வற்புறுத்தி ஏற்றாதீர்கள். மேலே பீங்கான், கண்ணாடிச் சாமான், வாள், ஈட்டி, சுதைப் பொம்மைகள், டேனிய ஆவணங்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். எல்லாவற்றையும் சமமாகப் பார்க்க முயன்றால் எதுவும் மனத்தில் நிற்காது. நான் யாரை அழைத்துப் போனாலும் சீனத் தேயிலை ஜாடிகளின் முன்னால்தான் நிறுத்துவேன். பதினெட்டாம் நூற்றாண்டில் இவர்கள் பிழைத்த ரகசியம் அந்த ஜாடியில் இருக்கிறது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடித்துக்கொண்டபோது டேனியர்கள் எந்தப் பக்கமும் சேராமல் சரக்கை ஏற்றினார்கள். சீனத் தேயிலையில் நல்ல காசு பார்த்தார்கள். கடைவீதியில் இரண்டு பெரிய கடைக்காரர்கள் சண்டையில் மூழ்கிக் கிடக்கும்போது மூலையில் இருக்கும் சின்னக் கடைக்காரனுக்கு வியாபாரம் நடப்பதைப் பார்த்ததில்லையா, அதுதான்.

பிள்ளைகளுக்குக் காட்ட இரண்டு இருக்கின்றன: திமிங்கலத்தின் எலும்பு, பீரங்கிக் குண்டு. குண்டுகள் சிறியவை. என் பேரன் ஏழு வயதில் அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதை வைத்து யாரைப் பயமுறுத்தினார்கள்?" என்று கேட்டான். எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தக் கூடத்திலேயே இருக்கும் பெரிய அரைக்கற்களைக் காட்டிப் பேச்சை மாற்றினேன்.

சுவரில் பெயர் கிறுக்காதீர்கள் என்று படித்த வாசகர்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் அம்பு துளைத்த இதயங்களை அங்கே பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். சுண்ணாம்புப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் உப்புக்காற்று அந்த வழியே உள்ளே போய்விடும். உங்கள் காதல் எத்தனை நாள் நீடிக்குமோ, அந்தச் சுவரை விட்டுவிடுங்கள்.

கடல் பக்கம்

மேலே கொத்தளத்து ஓரம் வந்து கடலைப் பாருங்கள். துறைமுகம் எங்கே என்று தேடுவீர்கள். இல்லை. எப்போதும் இருந்ததில்லை. கப்பல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகளில்தான் நம் ஆட்கள் அலையைக் கடந்து பொதியைக் கொண்டுபோவார்கள். ஆணியடித்து விறைப்பாக இணைத்த படகு இந்த அலை மோதினால் பிளந்துவிடும், தைத்தது வளைந்து கொடுக்கும். கோட்டையைக் கட்டியவரின் பெயர் பலகையில் இருக்கிறது. அந்தப் படகுக்காரர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

கோட்டையிலிருந்து வடக்கே பார்த்தால் கரையோரம் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்தது. கோட்டைக்கு முந்நூறு வயது மூத்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, பின்னாளில் புதுப்பித்தார்கள். அங்குள்ள கல்வெட்டில் இந்த ஊரின் பெயர் சடங்கன்பாடி. தரங்கம் என்றால் அலை, அலை பாடும் ஊர் என்று இப்போது எல்லாரும் விளக்கம் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கல்லில் இருப்பது சடங்கன்பாடி. இன்னொன்று: இங்கே ஓசோன் காற்று வீசுகிறது, ஆழ இழுத்துவிட்டால் ஆயுள் கூடும் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிடுங்கள். ஓசோன் இருக்க வேண்டிய இடம் வானத்தில் வெகு உயரத்தில். மூக்குக்கு அருகில் வந்தால் நல்லதல்ல. நல்ல கடற்காற்று, அவ்வளவுதான், அதற்கே வரலாம்.

கடலில் இறங்காதீர்கள். அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பாறைகளில் பாசி பிடித்திருக்கும். படம் எடுக்கப் பாறை மேல் ஏறிய என் மைத்துனர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கைப்பேசி மட்டும் பிழைத்தது. படம் வேண்டுமானால் ஒரு வழி சொல்கிறேன். காலையில் கடற்கரையில் நின்று கோட்டையை நோக்கி எடுங்கள், வெயில் கடல் பக்கமிருந்து சுவர் மேல் விழும். மாலையானால் முற்றத்துக்குள் நின்று எடுங்கள். நடுப்பகலில் எடுத்தால் வெளிறிப்போகும், அந்தத் திருமண ஆல்பங்கள் அத்தனையிலும் அப்படித்தான் இருக்கிறது.

தண்ணீர் பாட்டில், குடை அல்லது தொப்பி, மணல் நுழைந்தாலும் தட்டிவிடக்கூடிய செருப்பு, இவை போதும். கடற்கரையில் சுண்டல், ஐஸ்கிரீம், மீன் வறுவல் விற்பார்கள். வயிறார வேண்டுமென்றால் பொறையார் போய்விடுங்கள். கழிப்பறைத் தேவையைப் பஸ் ஏறும் முன்பே முடித்துக்கொள்வது உத்தமம், முக்கியமாகப் பெண்களும் முதியவர்களும்.

முழுக் காலைப்பொழுது ஒதுக்க முடியாதவர்கள், அதாவது நம் அறுபதாம் கல்யாணக் கூட்டம், மூன்று மணிக்கு மேல் வாருங்கள். நேரே கோட்டை, கீழ்த்தளம், தேயிலை ஜாடி, கொத்தளம். நாலே முக்காலுக்கு வெளியே வந்து ராஜ வீதியில் வாசலை நோக்கி நடந்தால் பின்னாலிருந்து கடற்காற்று தள்ளிக்கொண்டே வரும்.

நான் தனியாகப் போகும் நாட்களில் கடைசியாகக் கீழ்த்தளத்துக்கு மறுபடி ஒரு நடை போய்விட்டுத்தான் வெளியே வருவேன். 1801இல் ஆங்கிலேயர் இந்த ஊரை எடுத்துக்கொண்டு பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். 1808இல் மறுபடியும் எடுத்து 1815 வரை வைத்திருந்தார்கள். அதோடு வியாபாரம் படுத்துவிட்டது. 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலக் கம்பெனிக்கு 12.5 லட்சம் ரூபாய்க்கு விற்றார்கள். ஓய்வுபெற்ற அன்று நான் சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். புதிதாகப் பொறுப்பேற்ற பையன் சிரித்தான். இந்தக் கட்டடத்தில் 1845இல் சாவியைக் கொடுத்தவரும் இழுத்துப் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன். அதற்குள் காவலர் விசில் ஊதிவிடுவார், ஐந்தரைக்குச் சாத்த வேண்டும் அல்லவா. நெடுஞ்சாலைக்கு வந்தால் மாயவரம் பஸ் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் உட்கார இடம் இருக்காது.